பாவனை வானில் தளை தட்டும் இடங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டும் பாவனை. அதில் திடீரென்று தோன்றும் திக்கல். அத்திக்கலின் காரணத்தைத் தேடும் வழி. இலக்கிய அவையில் இப்பொருளுக்கு இடமேது என்று சிலர் புருவம் உயர்த்தலாம். யாப்புப் பயின்ற செவிக்கு இது அயலான பொருள் அன்று. ஓசை எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, எதை மாற்றினால் ஒழுகும் என்று ஒரு வெண்பாவை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் இந்த அவையில் பலர். அதே பொறுமையைத்தான் இந்தப் பொறியும் கேட்கிறது.

தஞ்சை வட்டாரப் பிள்ளைகளுக்கு விமானத்தின் மேல் வந்த ஆசை தொலைக்காட்சியால் மட்டும் வந்ததன்று. புதுக்கோட்டைச் சாலையிலுள்ள பழைய விமானத் தளம் 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் விமானப் படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20ஆம் நாள் சுகோய் 30 போர் விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது. நடவு வயலில் குனிந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது கடந்துபோயிருக்கும். ஒலிதான் பின்னால் வரும். திருச்சியிலோ 2024 அக்டோபர் 11ஆம் நாள் மாலை சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று, நீரழுத்தக் கருவியில் கோளாறு ஏற்பட்டு, எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டுப் பின்பு நலமாகத் தரையிறங்கியது. ஊரே அண்ணாந்து பார்த்த மாலை அது. உள்ளே அமர்ந்திருப்பவர்களின் கை அந்நேரத்தில் என்ன செய்யும் என்று அறிய விரும்பும் பிள்ளைக்கு விமானப் பள்ளியின் கட்டணம் எட்டாது. வணிக விமானி உரிமம் பெற இந்நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மணிக்கும் ஆகும் செலவை நெல் மூட்டையில் கணக்கிட்டுப் பார்க்கும் தகப்பனார் வாயடைத்துப் போவார். எனவே வீட்டு மேசை மேல் ஒரு கணிப்பொறி, ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பாவனை வானம். இம்மணிகள் உரிமக் கணக்கில் சேரா. ஆயினும் கை பழகுகிறது, கண் பழகுகிறது.

இவ்வேட்கை புதியதன்று. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் இசைப்பெட்டிகளும் ஆர்கன் வாத்தியங்களும் செய்த குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்பவர் 1929இல் ஒரு பயிற்சிப் பொறியைச் செய்தார். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே சின்னஞ்சிறு விமானக் கூண்டு ஒன்றைச் சாயவும் திரும்பவும் வைத்தார். முதலில் அதைக் கண்காட்சி வேடிக்கையாகவே உலகம் பார்த்தது. 1934இல் தபால் சுமந்த படை விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பிறகுதான் அமெரிக்கப் படை அதை வாங்கிற்று. இசைக்கருவியின் துருத்தியிலிருந்து பறக்கும் பாவனை பிறந்தது என்ற செய்தி, திருவையாற்றுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு இனிக்கவே செய்யும். பின்பு புரூஸ் ஆர்ட்விக் என்பவர் அதே வேலையைச் சிறு கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார். அவருடைய பணியை அடிப்படையாகக் கொண்டு 1982இல் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வெளிவந்தது. மிக எளிமையாக வரைந்த நிலமும் வானமுமாக இருந்த அது, 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கட்டி, இணைய வழியே துண்டு துண்டாக வீட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வளர்ந்துவிட்டது. எக்ஸ்பிளேன், ஃப்ளைட்கியர் என்னும் வேறு நிரல்களும் உண்டு. பின்னது விலையின்றிக் கிடைப்பது.

திருச்சியின் கிழக்கு மேற்கான ஓடுபாதையிலிருந்து செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தைக் கிளப்பிக் காவிரியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போகலாம். கல்லணை வரும், திருவையாறு வரும்; சற்றே தெற்கே திரும்பினால் பெரிய கோயில் இருக்குமிடம். கால் மணி நேரப் பயணம். (தை மாதத்தில் பறந்தாலும் படம் எடுத்த பருவத்தின் நிறமே வயலுக்கு இருக்கும். பொங்கலன்று வறண்ட வெடிப்பு நிலத்தைப் பார்த்து யாரும் மனம் நோக வேண்டா.) இப்பயணத்தில், பெரும்பாலும் விமானம் திரும்பும்போதோ தரையிறங்கும்போதோ, திரை ஒரு கணம் நின்று பின் பாய்கிறது. இதுதான் நோய்.

இளைஞர்கள் இதற்கு லேக், ஸ்டக், ஹேங் என்ற மூன்று சொற்களையும் கலந்து வழங்குகிறார்கள். மூன்றும் வேறு. எப்போதும் ஒரே சீராக மெதுவாக ஓடுவது மந்தம். ஓடிக்கொண்டிருக்கும்போது இடையிடையே தடுக்கி விழுவது திக்கல். ஒரு வினாடியோ பல வினாடியோ முழுமையாக நின்றுவிட்டு, ஒன்றும் நடவாதது போல் மீண்டும் ஓடுவது உறைவு. மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் வலிமைக் குறைவு. திக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் நேரப் பொருத்தமின்மை. உறைவுக்குக் காரணம், ஏதோ ஒன்று வேறெதற்காகவோ காத்திருப்பது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் கடைக்காரரிடம் போனால் அவர் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: புதிய கிராபிக்ஸ் கார்டு. ஒரு போகத்தின் ஆதாயம் முழுவதையும் விழுங்கும் அந்த அட்டையை மாட்டிய பிறகும் திக்கல் அப்படியே இருக்கக்கூடும்.

வினாடிக்கு எத்தனை படம் என்னும் எண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அது சராசரி, சராசரி ஏமாற்றும். ஒரு வினாடியில் 57 படங்கள் வந்தன என்று திரையின் மூலையில் எண் காட்டுகிறது. நல்ல எண்தான். ஆனால் அவற்றுள் 56 படங்கள் 800 மில்லி வினாடியில் வந்துவிட்டு, மிஞ்சிய ஒரே படம் 200 மில்லி வினாடி எடுத்துக்கொண்டிருந்தால்? எண் அதே 57. கண்ணோ ஒரு முட்டு முட்டிவிட்டது என்று அறிந்துவிடும். செஸ்னா தரையை நெருங்கும் வேகம் ஏறத்தாழ 65 நாட். அந்த 200 மில்லி வினாடிக்குள் விமானம் ஆறு மீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும். மூக்கை எப்போது தூக்குவது என்று கை முடிவு செய்யும் இடமும் அதுவே. காணாத கணத்தை ஈடுசெய்யக் கை மிகையாக இழுக்கும். அடுத்த கணம் மிகையாகத் தள்ளும். திக்கும் பொறியில் நூறு முறை தரையிறங்கிப் பழகிய கை, இந்தத் தவறான இழுப்பையே பாடமாகக் கற்றுக்கொள்ளும். விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட முடியாத கேடு இது.

நான்கு சீர் எண்ணி அடியை முடித்துவிட்டால் வெண்பா ஆகிவிடுமா? சீரின் எண்ணிக்கை சரியாயிருக்க, காயின் முன் நேர் வர வேண்டிய இடத்தில் நிரை வந்து நிற்கும். அங்கே தளை தட்டிற்று என்கிறோம். பிழை சீருக்குள் இல்லை. சீருக்கும் சீருக்கும் நடுவில் இருக்கிறது. திக்கலும் படத்துக்குள் இல்லை. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தை. அதைக் கோடாக வரைந்து காட்டும் வசதி இந்நிரல்களோடும் கிராபிக்ஸ் கார்டு நிறுவனங்களின் கருவிகளோடும் வருகிறது. கோடு உயரத்தில் இருந்தாலும் சமமாக ஓடினால் மந்தம். தாழ்வாக ஓடி இடையிடையே பனைமரம் போல் எழும்பினால் திக்கல்.

மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாக வைத்தார் தொல்காப்பியர். திரை அதனினும் நுண்ணிய அளவில் இயங்குகிறது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு புதுப்பிப்புக்கு 16.7 மில்லி வினாடி. கணிப்பொறியும் வினாடிக்கு 60 படம் தந்தால் படத்துக்கு ஒரு புதுப்பிப்பு: எல்லாம் குறில். 30 படம் தந்தால் படத்துக்கு இரண்டு: எல்லாம் நெடில். இரண்டும் ஒழுகும். 40 படம் தந்தால்தான் வினை. ஒரு படம் ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்தது இரண்டு புதுப்பிப்புக்குமாக, குறிலும் நெடிலும் மாறி மாறி விழுந்து காட்சி அதிர்ந்துகொண்டே போகும். முப்பதைவிட நாற்பது பெரிய எண். ஆயினும் கண்ணுக்கு முப்பதே இனிது. எளிய கணிப்பொறி வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, படங்களின் எண்ணிக்கையை 30இல் கட்டிப்போடுவதுதான். காசு செலவில்லாத இம்மருந்தில் பாதிக்கு மேற்பட்ட நோய் தணிந்துவிடும் என்றாலும், எண்ணைக் குறைக்க இளைஞர்களுக்கு மனம் வருவதில்லை. படம் வரும் நேரத்துக்கேற்பத் தன்னைத் தளர்த்திக்கொள்ளும் திரைகள் 2013ஆம் ஆண்டிலிருந்து சந்தைக்கு வந்துள்ளன. அவை இருப்பின் இந்தக் கட்டுப்பாட்டைச் சற்று நெகிழ்த்தலாம்.

2022 முதல் இன்னொரு வித்தையும் வந்துள்ளது. உண்மையான இரண்டு படங்களுக்கு நடுவே கிராபிக்ஸ் கார்டே ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகிவிடும். பார்வைக்கு மிக வழவழப்பாக இருக்கும். ஆனால் கை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலுள்ள காலம் இதனால் குறைவதில்லை. சற்றுக் கூடவும் செய்யும். அடி நிரம்புவதற்காக அசைச்சொல் இட்டு நிரப்புவதை இந்த அவை அறியும். ஓசை நிறையும், பொருள் கூடாது.

இனிக் காரணத்தைத் தேடும் வழி. வேலையைச் செய்பவர்கள் இருவர். விமானத்தின் இயக்கம், காற்று, பிற விமானங்கள், கருவிகளின் முள் ஆகியவற்றைக் கணக்கிடுபவர் மையச் செயலி. கணக்கிட்டதைத் திரையில் வரைபவர் கிராபிக்ஸ் கார்டு. இவ்விருவருள் யார் பிந்துகிறார் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. திரையின் நுணுக்க அளவைப் பாதியாகக் குறைத்து அதே பயணத்தை மீண்டும் ஓட்ட வேண்டும். நிலைமை தெளிவாகத் தேறினால் வரைபவர் மேல் சுமை. மாற்றமே இல்லையென்றால் கணக்கிடுபவர் மேல் சுமை. விமானப் பாவனையில் பெரும்பாலும் இரண்டாவதே நடக்கும். ஏனெனில் இவ்வகை நிரல்களில் கணக்கின் பெரும்பகுதி ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறது. செயலியில் எட்டு மையங்கள் இருந்தாலும் ஏழு கைகட்டி நிற்க, ஒன்று மட்டும் திணறும். அப்போது குறைக்க வேண்டியவை மற்ற விமானங்களின் கூட்டம், தொலைவுக் காட்சியின் எல்லை, கட்டடங்களின் செறிவு. மேகத்தின் அழகையும் நிழலையும் குறைத்துப் பயனில்லை. அவை வரைபவரின் சுமை.

இருவரும் வலியவராயிருந்தும் திக்கினால், சரக்கு வந்து சேரவில்லை என்று பொருள். காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு இதை விளக்க ஓர் அணையே போதும். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கிருந்து கல்லணை, கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், அவற்றிலிருந்து கிளை ஆறுகள், வாய்க்கால்கள், கடைசியில் வயலின் மடை. 2023இல் வழக்கமான ஜூன் 12ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. ஆனால் வரத்துக் குறைந்து அக்டோபர் 10ஆம் நாள் மூடப்பட்டது. நடுவில் கடைமடைக் குறுவை வாடிற்று. ஆண்டு முழுவதற்கும் எத்தனை டி.எம்.சி. வந்தது என்ற கணக்கைக் காட்டி, கதிர் விடும் வாரத்தில் நீர் காணாத உழவரை யாரும் தேற்றிவிட முடியாது.

கணிப்பொறியிலும் வன்தட்டு மேட்டூர், நினைவகம் கல்லணை, கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் வயலுக்குப் பக்கத்து வாய்க்கால். விமானம் நேராகப் போகும்வரை வேண்டிய நிலப்படம் வாய்க்காலிலேயே இருக்கும். சடாரென்று தஞ்சைப் பக்கம் திரும்பினால் புதிய நிலம், புதிய படங்கள். வாய்க்காலில் இடமில்லையென்றால் பழையதை வெளியேற்றிப் புதியதைக் கல்லணையிலிருந்து கொண்டுவர வேண்டும். அங்கும் இல்லையென்றால் மேட்டூர் வரை ஆள் போக வேண்டும். அந்தப் போக்குவரத்து நேரமே திக்கல். சுழலும் பழைய வன்தட்டில் நிரலை வைத்திருப்பவர்கள் எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் உறைவின் பெரும்பகுதி நீங்கும். 8 ஜி.பி. நினைவகத்தில் 2020ஆம் ஆண்டுப் பதிப்பை ஓட்டுபவர் வேறெதைத் திருத்தியும் பயன் சிறிது. 16 ஆக்குவது புதிய கிராபிக்ஸ் கார்டின் விலையில் சிறு பங்கே ஆகும். நினைவகத்தை ஒரே பட்டையாக மாட்டாமல் இரு பட்டையாகப் பிரித்து மாட்டினால் வழி அகலமாகும் என்பதையும் கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை. நிலப்படங்களின் நுணுக்கத்தை ஒரு படி குறைத்தால் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி வழியாது. திரும்பும்போது மட்டும் வரும் திக்கலுக்கு இதுவே நேரான மருந்து.

இணைய வழியே நிலம் வந்து சேரும் நிரலில், மேட்டூருக்கும் அப்பால் குடகு இருக்கிறது. இணைய வசதியை அமைப்பிலேயே நிறுத்திவிட்டு அதே பயணத்தை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நிலம் மங்கும், ஆனால் திக்கல் நின்றால் குற்றவாளி இணையம். ஒருமுறை வந்த நிலத்தைத் தட்டில் சேமித்துவைக்கும் ஏற்பாடும் அந்நிரலில் உண்டு. நாள்தோறும் காவிரிக் கரையிலேயே பறப்பவருக்கு அது நல்ல ஏரி.

ஒழுங்கான இடைவெளியில் வரும் திக்கலைத் தனியே சொல்ல வேண்டும். கடிகாரம் வைத்தது போல் பத்து வினாடிக்கொரு முறை, நிமிடத்துக்கொரு முறை முட்டினால், அது வலிமைக் குறைவாக இருக்க வாய்ப்பு மிகச் சிறிது. யாரோ ஒருவர் முறை வைத்து வந்து கதவைத் தட்டுகிறார். நடப்பு வானிலையை இறக்கும் துணை நிரலாயிருக்கலாம், பயணத்தைத் தானே சேமிக்கும் ஏற்பாடாயிருக்கலாம், நச்சுநிரல் காப்பாயிருக்கலாம். யு.எஸ்.பி. இணைப்புத் தளர்ந்த ஜாய்ஸ்டிக் அறுபட்டு அறுபட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் நிரல் நின்று அதைப் புதிய கருவியாக வரவேற்கும்; அதுவரை விமானம் வானில் உறைந்து நிற்கும். ஒரு வயரை மாற்றினால் தீரும் இந்நோய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டாயின் அது வியப்பன்று.

துணை நிரல்களை, அதாவது விலைக்கும் இலவசமாகவும் வாங்கிச் சேர்த்த விமானங்கள், விமான நிலையங்கள் முதலியவற்றை, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது நீண்ட வேலை. பாதியை நீக்க வேண்டும். திக்கல் போனால் குற்றம் நீக்கிய பாதியில். போகாவிட்டால் இருக்கும் பாதியில். அதையும் பாதியாக்க வேண்டும். அறுபத்து நான்கு துணை நிரல்கள் இருந்தாலும் ஆறு சோதனையில் ஒன்றில் வந்து நிற்கும். இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு முறைக்கு ஒரே மாற்றம், அதே விமானம், அதே நேரம், அதே வானிலை, அதே வழி, முடிவைக் குறிப்பேட்டில் எழுதுதல். ஒரே நேரத்தில் ஏழு அமைப்புகளை மாற்றிவிட்டு நன்றாகிவிட்டது என்று மகிழ்பவர், மறுவாரம் மீண்டும் திக்கும்போது எதைத் தொடுவது என்று அறியாமல் நிற்பார்.

நிரலைப் புதுப்பித்த பின், அல்லது கிராபிக்ஸ் கார்டின் இயக்கியை மாற்றிய பின், முதல் பயணம் எவருக்கும் சிறிது திக்கும். ஒளியும் நிழலும் தீட்டும் சிறு நிரல்களைப் பொறி அப்போதுதான் தனக்கேற்பத் தொகுத்துக்கொள்கிறது. முதல் ஒத்திகையைக் கேட்டுக் கச்சேரிக்கு விமரிசனம் எழுதலாகாது. இரண்டாம் பயணத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். எக்ஸ்பிளேன் நிரலார் இக்குறையோடு நெடுநாள் போராடினார்கள். பழைய ஓபன்ஜிஎல் முறையில் இயக்கி தன் விருப்பப்படி, தனக்குத் தோன்றிய கணத்தில் வேலையைச் செய்தது. 2020இல் வெளிவந்த 11.50 பதிப்பில் வல்கன் என்னும் முறைக்கு மாறி, எந்த வேலை எப்போது என்பதைத் தம் கைக்குக் கொண்டுவந்த பிறகே ஓட்டம் சீரானது. இன்றும் அந்நிரலின் பழைய பதிப்பில் பறப்பவர் இதை முதலில் மாற்ற வேண்டும்.

தஞ்சைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: வெயில். பயணம் தொடங்கி இருபது நிமிடம் வரை வெண்ணெய் போல் ஓடி, அதன் பிறகே திக்கத் தொடங்கினால் நினைவகத்தையோ இணையத்தையோ முதலில் ஐயுறலாகாது. பொறியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். செயலியின் வெப்பம் நூறு பாகையை நெருங்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது; ஆறியதும் கூட்டுகிறது; மீண்டும் குறைக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் மாடி அறையின் காற்றே கொதிக்கும்போது விசிறி எதைக் கொண்டு குளிர்விக்கும்? அறுவடைக் காலத்துத் தூசியும் வைக்கோல் துகளும் விசிறியின் இறக்கையில் படிந்து அடைத்திருக்கும். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து ஓட்டுவது அதன் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும். மின்சாரம் போன கணத்திலிருந்து மடிக்கணினி மின்கலத்தைச் சிக்கனம் பண்ண வேகத்தைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாலையில் மட்டும் திக்குகிறது என்று முறையிடுபவர் வீட்டில் மின்வெட்டின் நேரத்தைக் கேட்டால் போதும்.

கணிப்பொறியைத் தூய்மை செய்து வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் நிரல்களை இறக்குவது வீண். சில வேளை கேடு. அவை நீக்குவது இன்னதென்று அவற்றுக்கே தெரியாது.

எல்லாம் திருத்திய பிறகும் ஒரு திக்கல் எஞ்சும். பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போது அதன் கட்டடங்களும் நிற்கும் விமானங்களும் ஒருசேர நினைவகத்துக்குள் வரும் அந்தக் கணத்தை, விலையுயர்ந்த பொறிகளாலும் முழுமையாக மறைக்க முடிவதில்லை. அதை இடம் மாற்ற மட்டும் முடியும். திருச்சிக்குத் திரும்பும் வழியில் கல்லணைக்கு மேலேயே இறங்கும் வேகத்துக்கு வந்து, விமானத்தை நிதானப்படுத்தி, ஓடுபாதையை நேராகக் கண்முன் கொண்டுவந்துவிட்டால் சரக்கெல்லாம் உயரத்திலிருக்கும்போதே வந்து இறங்கிவிடும். திக்கல் ஆயிரம் அடி உயரத்தில் நிகழ்ந்து முடிந்துவிடும். ஓடுபாதையின் விளிம்பைக் கடக்கையில் கைக்குத் தடையிராது. பறக்கப் பழக்குபவர்கள் மெய்யான விமானத்திலும் இதையேதான் கேட்கிறார்கள்: இறங்கும் ஏற்பாடுகளை முன்கூட்டியே முடித்துவிடு என்று.